யாருடைய கைபேசி?

மார்ச் மாதம் பிறந்தால் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். 'பெண்களின் கைபேசியில் கட்டாயம் இருக்க வேண்டிய பத்துச் செயலிகள்' என்று மகளிர் தினச் சிறப்பிதழில் ஒரு பக்கம் இருக்கும். கல்லூரிகளின் மகளிர் மையங்களுக்குச் சுற்றறிக்கை வரும். வாட்ஸாப் குழுக்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு படம் சுற்றும். பாதுகாப்புக்கு ஒன்று, மாதவிடாய்க் கணக்குக்கு ஒன்று, எடை குறைக்க ஒன்று, வீட்டுச் செலவு எழுத ஒன்று, குழந்தைக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்ட ஒன்று. ஆண்களுக்கென்று இப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு வருவது 'சிறந்த செயலிகள்', அவ்வளவுதான். அடைமொழி நமக்கு மட்டும்.

'சிறந்தது' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எத்தனை நட்சத்திரம், எத்தனை லட்சம் பேர் இறக்கியிருக்கிறார்கள், இலவசமா, தமிழில் உண்டா என்பதை வைத்து. அந்தக் கைபேசி யாருடையது, அதன் பூட்டு எண் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும் என்ற கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெண்ணுக்கு அவளுக்கே அவளுக்கென்று ஒரு கைபேசியும், அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு பூட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்படுபவை இவை. அப்படிப்பட்ட பெண்ணை வன்னியம்பட்டியில் நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு கேள்வி கேட்டது: நீங்களே பயன்படுத்தும் கைபேசி உங்களிடம் உண்டா? இந்தியப் பெண்களில் 54 விழுக்காட்டினர் உண்டு என்றார்கள். ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பெண்களில் 33 விழுக்காடு, ஆண்களில் 57 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேரிடம் கைபேசி இருக்கிறது என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் கணக்கெடுப்பு கேட்டது பயன்படுத்தும் கைபேசியைப் பற்றி. பூட்டும் கைபேசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

என் வகுப்பில் கேட்டேன். கைபேசி இல்லாத மாணவி ஒருத்திகூட இல்லை. பூட்டு எண் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாதவர்கள் கை தூக்குங்கள் என்றபோது மூன்று கைகள் எழுந்தன. "அண்ணனுக்குத் தெரியும் மேம். அவன் வாங்கித் தந்ததுதானே?" என்றாள் ஒருத்தி. குரலில் குறையே இல்லை, பேனா இரவல் வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னாள். இன்னொருத்திக்கு நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கேட்டதால் கூகுள் வரைபடத்தில் தன் இருப்பிடத்தை எந்நேரமும் அவருக்குத் தெரியும்படி வைத்திருக்கிறாள். அதற்கு அவள் சொன்ன பெயர் 'பாதுகாப்பு'. பட்டியல்களும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன.

பாதுகாப்புச் செயலியிலிருந்தே தொடங்கலாம். 2019 நவம்பர் 27 இரவு ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொலைக்கு ஆளானார். நாடு கொதித்தது. அடுத்த மாதமே தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் காவல்துறையினர் மேடையேறி, 'காவலன்' செயலியை மாணவிகள் உடனே இறக்கிக்கொள்ள வேண்டும் என்று முகாம் நடத்தினார்கள். அரங்கத்திலேயே கைபேசியை எடுக்கச் சொல்லி, எத்தனை பேர் இறக்கினார்கள் என்று எண்ணினார்கள். பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும், கேமரா தானாகச் சிறிய காணொளி எடுத்து அனுப்பும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் பழுதில்லை. 2022இல் 'காவல் உதவி' என்று இன்னும் பல வசதிகளுடன் அடுத்தது வந்தது. அதற்கும் முகாம், அதற்கும் எண்ணிக்கை.

அந்த ஹைதராபாத் இரவில் நடந்தது என்ன? அந்தப் பெண் கைபேசியில் தங்கையிடம் பேசினார், பயமாக இருக்கிறது என்றார். அதன்பின் தொடர்பு அறுந்தது. குடும்பத்தினர் அன்றிரவே காவல் நிலையத்துக்கு ஓடினார்கள். இது எங்கள் எல்லையா, அடுத்த நிலையத்தின் எல்லையா என்ற பேச்சில் நேரம் போனது. வழக்குப் பதியத் தாமதித்ததற்காக மூன்று காவலர்கள் பின்னர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆனால் தெலங்கானாவின் அன்றைய உள்துறை அமைச்சர் சொன்னது வேறு: படித்த பெண் தங்கையை அழைத்ததற்குப் பதிலாக 100ஐ அழைத்திருக்கலாமே. அழைத்தவரின் குடும்பம் நேரில் வந்து நின்றபோது எல்லை அளந்த நிர்வாகம், இறந்தவள் எந்த எண்ணை அழுத்தியிருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தது. காவலன் முகாம்கள் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. இனி ஏதாவது நடந்தால் முதல் கேள்வி தயார்: செயலியை இறக்கி வைத்திருந்தாயா?

மேடையேறியவர்களில் எவரும் எங்கள் மாணவிகளிடம் சொல்லாத ஒன்று உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் வருகிறது: பாலியல் வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். மேலே சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பிலேயே, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இருட்டுச் சாலையில் பின்தொடரும் அந்நியனுக்காகச் செய்த பொத்தான், அடுப்படியில் நிற்பவனுக்கு எதிராக எப்படி வேலை செய்யும்? கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் எறிவதற்கு அவனுக்கு ஒரு நொடி போதும். அதுவும் அவன் வாங்கித் தந்த கைபேசி.

பொத்தான் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் எந்தக் கைபேசியிலும் அவசரப் பொத்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016இல் விதி போட்டது. பட்டன் போனில் 5 அல்லது 9ஐ அழுத்திப் பிடித்தால் அழைப்பு போக வேண்டும். ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானை மூன்று முறை விரைவாக அழுத்த வேண்டும். இணையமோ பதிவோ தேவைப்படாத ஏற்பாடு இது, ஏழை வீட்டுப் பட்டன் போனுக்கும் பொருந்துவது. இதற்கு ஒரு முகாமும் நான் பார்த்ததில்லை. திறப்பு விழா நடத்த அதில் எதுவும் இல்லை போலும்.

சரி, எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு உண்மையிலேயே உதவிய செயலி எது? எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு, எந்த மகளிர் தினப் பட்டியலிலும் அது இடம்பெற்றதில்லை. அழைப்பைப் பதிவு செய்யும் சாதாரண வசதிதான் அது.

2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை நிர்மலாதேவி, தன் மாணவிகளைத் தொலைபேசியில் அழைத்து, பல்கலைக்கழகத்தில் உயர் இடத்தில் இருப்பவர்களுக்கு 'ஒத்துழைத்தால்' மதிப்பெண்ணும் பணமும் வரும் என்ற பொருளில் பேசினார். மாணவிகள் அதைப் பதிவு செய்தார்கள். அந்த ஒலிப்பதிவு ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும், அதில் மிரட்டல் தொனி ஒன்றுமில்லை. அம்மா போல, அக்கா போல, நல்லது சொல்லும் குரல். அந்தக் குரலைச் சொற்களால் விவரித்துப் புகார் எழுதியிருந்தால் எந்த விசாரணைக் குழு நம்பியிருக்கும்? 'மேடம் அக்கறையாகப் பேசியிருப்பார்கள், நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள்' என்று முடித்திருப்பார்கள். துறைக்குள் இருபது ஆண்டாக இருப்பவள் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு ஆண்கள் விடுவிக்கப்பட்டார்கள். அவர் யாருக்காகப் பேசினார் என்பது எனக்கு இன்னும் கேள்வியாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த வழக்கு அந்த அளவுக்காவது நகர்ந்தது, மாணவிகள் சமயத்தில் பதிவுப் பொத்தானை அழுத்தியதால்.

அந்தப் பொத்தான் இப்போது எங்கே? 2022 மே 11 முதல் வெளியார் செய்யும் அழைப்புப் பதிவுச் செயலிகளுக்கு கூகுள் தன் கடையில் வழியை அடைத்தது. பல கைபேசிகளில் கூடவே வரும் கூகுளின் தொலைபேசிச் செயலியில் பதிவு வசதி உண்டு. ஆனால் அழுத்திய உடனே 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று எதிர்முனைக்கும் கேட்கும்படி அறிவித்துவிடும். அந்தரங்க உரிமைக்காக என்று காரணம் சொல்கிறார்கள். யாருடைய அந்தரங்கம் என்று கேட்கலாம். மாணவியை அழைப்பவரின் அந்தரங்கமா?

இங்கே எனக்கே எதிராக ஒரு வாதம் வைக்க வேண்டியிருக்கிறது. அதே பதிவுக் கருவி கணவன் கையிலும் இருந்தது. மனைவியின் தொலைபேசிப் பேச்சை அவளுக்குத் தெரியாமல் பதிவு செய்த ஒருவர் விவாகரத்து வழக்கில் அதைச் சான்றாக வைத்தார். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2021இல் அதை ஏற்க மறுத்தது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அத்தகைய பதிவுகளைச் சான்றாக ஏற்கலாம் என்றது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால் அந்தத் திருமணம் ஏற்கனவே முறிந்ததற்கு அதுவே அடையாளம் என்பது நீதிமன்றம் காட்டிய நியாயங்களில் ஒன்று. மேலோட்டமாகச் சமமான தீர்ப்புதான், மனைவியும் பதிவு செய்யலாம் அல்லவா? ஆனால் யார் வாங்கிய கைபேசி, யார் போட்ட எண், யார் தூங்கிய பிறகு யார் விழித்திருக்கிறார்கள் என்பதில் சமம் இல்லாத வீட்டுக்குள் போய்ச் சேர்கிறது அந்தச் சமம். ஆகவே பதிவுக் கருவி நல்லதா கெட்டதா என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில் இல்லை. அருப்புக்கோட்டை மாணவி கையில் அது நல்லது. அவளை மணக்கப்போகிறவன் கையில் கெட்டது. எந்த நட்சத்திரக் கணக்கும் இந்த வேறுபாட்டைச் சொல்லாது.

மாதவிடாய்ச் செயலிகளைப் பட்டியல்கள் இன்னும் உற்சாகமாகப் பரிந்துரைக்கின்றன. தேதி குறித்தால் அடுத்த தேதி சொல்லும். கூடவே மனநிலை, வயிற்றுவலி, உடலுறவு, கருத்தடை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். தாயிடம் சொல்லக் கூசுவதை நம் பெண்கள் அதனிடம் சொல்கிறார்கள். பெங்களூரில் உருவான 'மாயா' செயலி, பயனர் தனியுரிமை விதிகளுக்குச் சம்மதம் தருவதற்கு முன்பே ஃபேஸ்புக்குக்குத் தகவல் அனுப்பியதை 2019 செப்டம்பரில் பிரைவசி இன்டர்நேஷனல் என்ற அமைப்பு வெளிப்படுத்தியது. அம்பலமான பிறகே அந்த இணைப்பை நிறுவனம் எடுத்தது. பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் பயன்படுத்திய 'ஃப்ளோ'வும் அப்படியே. அந்தரங்கமாக வைப்போம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்டவற்றுக்குத் தகவல் கொடுத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது, 2021 ஜனவரியில் சமரச உத்தரவு வந்தது. அதே விவகாரத்தில் 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் நடுவர் குழு மெட்டா நிறுவனம் சட்டத்தை மீறியது என்று முடிவு சொன்னது. தீட்டு என்று நம்மை மூலையில் உட்காரவைத்த சமூகம் அந்த மூன்று நாளைத் தெரு முழுக்க அறிவித்தது. இந்த நிறுவனங்கள் உலகச் சந்தைக்கு அறிவிக்கின்றன, விளம்பரம் விற்பதற்காக.

எங்கள் வீடுகளில் தினசரி நாள்காட்டித் தாளின் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி இருக்கும். பெண்களுக்கு மட்டும் அர்த்தம் தெரியும். பால் கணக்கு என்று ஆண்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் புள்ளி எந்தக் கடைக்கும் போனதில்லை.

கடன் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அழுதவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஐந்தாயிரம் ரூபாய்க்காகத் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி தந்து, தவணை தவறிய அன்று உருமாற்றிய நிர்வாணப் படம் உறவினர்களின் கைபேசிகளில் வந்து இறங்கிய கதைதான். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் அழைப்புப் பதிவேட்டையும் தொடக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அவற்றைக் கேட்கும் கடன் செயலி எதுவாயினும், அது எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், கள்ளச் செயலி என்று கொள்ளுங்கள்.

பரிந்துரைக்கப்படாமலே கைபேசிக்குள் வந்து உட்காரும் செயலிகளும் உண்டு. பட்டியல் போடுகிற நடுத்தர வர்க்கப் பெண்களுக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்கான என்.எம்.எம்.எஸ். செயலியை 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமாக்கினார்கள். நாளுக்கு இரண்டு முறை புகைப்படம் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். பணித்தளப் பொறுப்பாளரும் பெரும்பாலும் ஊர்ப் பெண்தான், கைபேசியும் டேட்டாவும் அவளுடைய சொந்தச் செலவு. காலையில் கண்மாய்க் கரையில் ஒரு படம், வேலை முடிந்தவர்களைக் காக்கவைத்து மதியம் இன்னொரு படம். சிக்னல் இல்லாமல் படம் ஏறாவிட்டால் வெட்டிய மண்ணுக்குச் சாட்சி இல்லை, கூலி தொங்கிப்போகும். இத்தனையும் முறைகேட்டைத் தடுக்க என்றார்கள். புகைப்படத்தையே புகைப்படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பியது. அங்கன்வாடியில் ஊட்டச்சத்துக் கண்காணிப்புக்கான போஷன் டிராக்கர் செயலி, சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைக் கேமராவில் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தாவிட்டால் திட்டு வாங்குவது அங்கன்வாடி ஊழியர். இந்தப் பெண்களுக்கு எந்தச் செயலி சிறந்தது என்று தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. இடமில்லாததைப் பற்றி மகளிர் தினத்தில் யாரும் பக்கம் ஒதுக்குவதில்லை. நூற்பாலை விடுதிகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் தங்கவைக்கப்பட்ட சிறுமிகளுக்குக் கைபேசி வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லாத காலமும் வெகு தூரத்தில் இல்லை.

அப்படியானால் எதைத்தான் சொல்கிறீர்கள் என்று மாணவிகள் கேட்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவு.

முதலில் பூட்டு. ஆறு இலக்க எண் வையுங்கள், பிறந்தநாள் வேண்டாம். விரல்ரேகை வசதியானதுதான், ஆனால் தூங்கும்போது உங்கள் விரலை எடுத்து வைத்துத் திறந்துவிடலாம். வாட்ஸாப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி அங்கே இருந்தால் உங்கள் பேச்சை இன்னொருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். கூகுள் வரைபடத்தில் இருப்பிடப் பகிர்வு யாருக்குத் திறந்திருக்கிறது என்பதையும் அப்படியே பாருங்கள். மறைந்துபோகும் செய்திகள் வேண்டுமென்றால் 'சிக்னல்' நல்லது. தேதிக் கணக்குக்குச் செயலிதான் வேண்டுமென்றால், பெர்லினில் சில பெண்கள் சேர்ந்து உருவாக்கிய 'டிரிப்' இருக்கிறது. இலவசம், தகவல் உங்கள் கைபேசியை விட்டு வெளியே போகாது, தனிக் கடவுச்சொல் வைக்கலாம். இல்லாவிட்டால் நாள்காட்டிப் புள்ளி.

கைபேசியில் வேவுச் செயலி இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அதை வைத்தவன் அடிக்கிறவன் என்றால், அவசரப்பட்டு நீக்க வேண்டாம். நீக்கிய நிமிடம் அவனுக்குத் தெரிந்துவிடும். வேறொருவர் கைபேசியிலிருந்து முதலில் பேசுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, இணையக் குற்றங்களுக்கு 1930, அவசரத்துக்கு 112. இவற்றைக் கைபேசியில் சேமிக்காமல் மனப்பாடம் செய்யுங்கள். பட்டன் போனிலும் பக்கத்து வீட்டுப் போனிலும் வேலை செய்யும் எண்கள் இவை. சான்றாக எதையாவது பதிவு செய்திருந்தால், நம்பிக்கையான தோழியின் மின்னஞ்சலுக்கு அன்றே அனுப்பிவிட்டு, அனுப்பியதையும் அழியுங்கள். வீட்டுக் கைபேசியிலிருந்தே 181ஐ அழைக்க நேர்ந்தால், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.